கதவும் காவலும்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், புக்கிட் தீமா மலைக்கு அணித்தே அமைந்த குடியிருப்பு நகரம் புக்கிட் பாத்தோக். ‘புக்கிட்’ என்பது மலாய் மொழியில் குன்றைக் குறிக்கும். ‘பாத்தோக்’ என்பது இருமலைக் குறிக்கும். இருமும் குன்று என்னும் இப்பெயர் வந்த வகை பற்றிப் பல கூற்றுகள் உள. கருங்கல் உடைக்க வைத்த வெடியின் ஓசை இருமல் போலக் கேட்டது என்பது ஒன்று. தேங்காய்ச் சிரட்டையைக் குறிக்கும் சாவகச் சொல்லே இப்பெயருக்கு மூலம் என்பது மற்றொன்று. கல்லுடைப்பு நின்று பல்லாண்டுகள் ஆகின்றன. வெட்டிய குழிகளில் நீர் தேங்கிப் பூங்காக்கள் தோன்றின. அவற்றைச் சூழ்ந்து அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன.

இந்நகரின் பழைய கட்டடம் ஒன்றன் மாடித் தாழ்வாரத்தில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். வீட்டு வாயிலுக்கு இரண்டு கதவுகள் இருக்கும். உள்ளே மரக்கதவு, வெளியே இரும்புக் கம்பிக் கதவு. வீட்டில் ஆள் இருக்கும் பகற்பொழுதில் மரக்கதவு திறந்திருப்பதும் கம்பிக் கதவு பூட்டியிருப்பதும் வழக்கம். கம்பிகளினூடே காற்று வரும். சமையலின் மணமும் வானொலியின் பாட்டும் வெளியே போகும். கள்வன் மட்டும் உள்ளே நுழைய இயலாது.

எளிய இவ்வேற்பாட்டிற்குள் நீண்ட வரலாறு ஒன்று அடங்கியுள்ளது. வீட்டைக் காப்பது பூட்டா? கூலிக்கு அமர்த்திய காவலனா? அரசின் படையா? அண்டை அயலாரா? இவ்வினாவுக்குத் தமிழகமும் சிங்கப்பூரும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டன. அவ்விடைகளை நிரல்படக் காண்போர்க்கு, புக்கிட் பாத்தோக்கின் தாழ்வாரம் ஏன் அவ்வாறு அமைந்தது என்பது விளங்கும்.

நள்ளிரவு மதுரை

ஊர்க்காவலைப் பற்றிய பழந்தமிழ்ச் சொல்லோவியங்களுள் சிறந்த ஒன்று பத்துப்பாட்டில் உள்ளது. பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைத் தலைவனாகக் கொண்டு மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் பகலையும் இரவையும் யாமம் யாமமாகப் பகுத்துக் காட்டுகிறது. கடைகள் அடைத்து, ஊர் உறங்கிய நள்ளிரவில் கள்வர் வெளிப்படுகின்றனர். அவர்கள் இருளோடு இருளாக மறையும் கருநீலக் கச்சை உடுத்தவர், காலில் செருப்பணிந்தவர், கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாள் உடையவர், மெல்லிய நூலால் ஆன ஏணியை இடையில் சுற்றியவர், நிலத்தை அகழும் உளி ஏந்தியவர். பிறர் அணிகலனை விரும்பி மறைந்து திரியும் அவர்களை ஊர்காப்பாளர் ஒற்றறிந்து தேடுகின்றனர். களிற்றைப் பார்த்திருக்கும் புலி போன்றவர் என்றும், உறங்காத கண்ணினர் என்றும், நூல் நெறி பிழையாத தேர்ச்சியுடையவர் என்றும் புலவர் அவர்களைப் போற்றுகிறார். மழை பெய்து தெருவில் நீர் ஓடும் இரவிலும் அவர்கள் சோர்வின்றிப் புறப்பட்டுச் செல்கின்றனர்.

இரண்டு செய்திகள் இங்கே கருதத்தக்கன. கள்வரின் கருவிகள் தனித்தனியே சொல்லப்படுவதால், களவு அக்காலத்தே பயிற்சி வேண்டிய ஒரு தொழிலாக இருந்தமை புலனாகிறது. அதற்கு ஈடாக நகரம் பயிற்சி பெற்ற காவலரை நிறுத்தியிருந்தது என்பது மற்றொன்று. செல்வம் திரண்ட நகரத்தில் வீட்டுக் காவல் தனி ஒருவர் பொறுப்பாக இல்லாமல் நகரத்தின் பொறுப்பாக இருந்தது.

சிலப்பதிகாரம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவனவற்றை எட்டாக எண்ணிக் கூறுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்பவற்றோடு ஏற்ற இடமும் காலமும் கருவியும் அவ்வெட்டில் அடங்கும். காவலர்க்குக் களவின் இலக்கணத்தையே கற்பிக்கும் அவன்தான் அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன். அவன் சொல்லை நம்பியதால், ஊருக்குப் புதியவனாகிய கோவலன் உயிரிழந்தான், அரசனும் உயிர்விட்டான், நகரம் எரிந்தது. அயலூரான் மீது எளிதில் விழும் ஐயம் எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதைத் தமிழர் தம் முதற் காப்பியத்திலேயே கற்றனர் எனலாம்.

கன்னமும் காவற்கூலியும்

களவைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் ‘கன்னம் வைத்தல்’ என்பது சுவர் வரலாற்றையே தன்னுள் கொண்டது. மண்சுவர் வீட்டில் கதவை உடைப்பதைவிடச் சுவரைத் துளைப்பது எளிது, ஓசையும் குறைவு. ஆகவே கன்னக்கோல் என்னும் இரும்புக் கருவியால் சுவரில் ஆள் நுழையும் அளவு துளையிட்டனர். கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள் இட்டாலும் சுவருக்குத் தாழ்ப்பாள் இல்லை. எனவே சிற்றூர் மக்கள் பூட்டை நம்பியதைக் காட்டிலும் ஆளை நம்பினர். திண்ணையில் படுத்த முதியவரும், வாயிலில் கட்டிய நாயும், இரவில் கோலூன்றி ஊரைச் சுற்றிவந்த தலையாரியும் வீட்டின் காவல் உறுப்புகளாயினர்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பயில்கிறது. பாடி என்பது ஊர். அதனைக் காக்கும் உரிமையும், அதற்கென மக்கள் செலுத்திய வரியும் அப்பெயரால் வழங்கின. பிற்காலத்தில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் இம்முறை பாளையக்காரர் கையிலும் ஊர்க் காவல்காரர் கையிலும் விரிவடைந்தது. ஓர் ஊரைக் காப்பதற்குத் தலக்காவல் என்றும், பரந்த நிலப்பகுதியையும் வழிகளையும் காப்பதற்குத் தேசகாவல் என்றும் பெயர். மக்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காவற்கூலியாக அளித்தனர். அதற்கு ஈடாகக் காவல்காரர், பொருள் களவு போனால் கண்டுபிடித்துத் தருவதற்கும், கண்டுபிடிக்க இயலாவிடில் ஈடு செய்வதற்கும் கடமைப்பட்டிருந்தனர். இற்றைநாளின் காப்புறுதித் திட்டத்தைப் போன்ற ஒப்பந்தம் இது எனலாம்.

ஆயின் காவலுக்கு விலை வைக்கும் ஏற்பாட்டில் ஒரு தீமையும் உடன் வளர்ந்தது. கூலி கொடாதவன் வீட்டில் களவு நிகழ்வது வழக்கமாயிற்று. களவு போன மாட்டைத் துப்புக்கூலி பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் தோன்றியது. காக்கும் கைக்கும் கவரும் கைக்கும் இடையில் இருந்த எல்லை மங்கியது. 1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போர்களுக்குப் பின் ஆங்கிலேயர் பாளையக்காரரின் காவல் உரிமையைப் பறித்தனர். 1816 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, ஊர்த் தலைவரையும் தலையாரியையும் அரசின் ஏவலுக்கு உட்படுத்தியது. 1859 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்குச் சீருடை அணிந்த காவல்துறை உருவாயிற்று.

காவல் தொழிலையும் அதன் வருவாயையும் இழந்த மக்களுக்கு மாற்று வழி காட்டாத அரசு, அடுத்து மேலும் கொடிய செயலைச் செய்தது. 1871 ஆம் ஆண்டு வட இந்தியாவிற்கென இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911 ஆம் ஆண்டில் திருத்தி, சென்னை மாகாணத்திலும் நடைமுறைப்படுத்தியது. தனி ஒருவர் செய்த குற்றத்தை ஆராயாது, பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகள் எனப் பதிவு செய்யும் சட்டம் அது. பதியப்பட்டோர் காவல் நிலையத்தில் தம் இருப்பைத் தெரிவிக்கவும் கைரேகை வைக்கவும் வேண்டியிருந்தது. மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில், 1920 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள், இப்பதிவை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். நெடிய போராட்டத்திற்குப் பின் 1947 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது. வீடுகளைக் காப்பதற்கென்று சொல்லப்பட்ட சட்டம், எத்தனையோ வீடுகளின் உறக்கத்தைக் கெடுத்தது. காவலின் வரலாற்றில் இப்பகுதியை விட்டுவிட்டு எழுதுதல் முறையாகாது.

துறைமுக நகரின் இரவுகள்

கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்த தமிழர் கண்டது முற்றிலும் வேறான ஊர். இங்கே தலைமுறை தலைமுறையாகப் பழகிய தலையாரி இல்லை. ஊர் முழுவதும் புதியவர்களே. 1819 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நிறுவிய துறைமுகத்திற்கு மறு ஆண்டிலேயே காவற்படை ஒன்று அமைந்தது. அதற்குத் தலைவர், குடியேற்றத்தின் ஆட்சியராக இருந்த ஃபார்க்குவாரின் மருமகன் பிரான்சிஸ் ஜேம்ஸ் பெர்னார்ட். ஓர் எழுத்தர், ஒரு சிறைக் காவலர், ஒரு ஜமேதார், எட்டுச் சேவகர் என அப்படையின் மொத்த ஆள்பலம் பதினொன்றே. பிற்காலத்தில் படை பெருகியது. மலாய்க்காரரும் தென்னிந்தியரும் அதில் பணியாற்றினர். எனினும் நகரம் பெருகிய விரைவுக்குப் படை ஈடுகொடுக்கவில்லை.

1840களில் கூட்டமாக வந்து வீடுகளைத் தாக்கும் கொள்ளைகள் மிகுந்தன. 1843 ஆம் ஆண்டில் நகர மக்கள் கூட்டம் கூடி அரசிடம் முறையிட்டனர். அவ்வாண்டில் தாமஸ் டன்மன் என்பவர் காவற்படையின் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். 1857 ஆம் ஆண்டில் முதல் ஆணையராகவும் ஆனார். காவலர்க்கு எழுதப் படிக்கக் கற்பிக்க அவர் முயன்றார். பல இனத் தலைவர்களோடும் பழகி, அவர்கள் நம்பிக்கையைப் பெற்று, அவர்கள் வாயிலாகவே செய்திகளை அறிந்தார். ஆயுதத்தைவிட அறிமுகம் வலியது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

அக்காலச் சிங்கப்பூரில் காவல் பற்றிய வியத்தகு நிகழ்ச்சி ஒன்றும் நடந்தது. 1825 ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்தவர்கள் அவர்களே. நன்னடத்தை காட்டிய கைதிகளையே பிற கைதிகளுக்குக் காவலராக்கும் முறை அச்சிறையில் நிலவியது. 1873 ஆம் ஆண்டில் அம்முறை முடிவுற்றது. அச்சிறையை நடத்திய அதிகாரி மெக்நாயர், ‘தமக்குத் தாமே காவலரான கைதிகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1899 ஆம் ஆண்டில் நூல் எழுதினார். தமிழகத்தில் பிறப்பைக் காட்டி மனிதரைக் குற்றவாளியாக்கிய ஆட்சியே, இங்குக் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவரை நம்பிக் காவலராக்கியது. நம்பியவிடத்துக் கிடைத்த பயன் ஐயுற்றவிடத்துக் கிடைக்கவில்லை.

சட்டத்தையும் இங்குக் கருத வேண்டும். 1860 ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை முதனூலாகக் கொண்ட தண்டனைச் சட்டம் 1872 ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்தது. அம்முதனூல் வீடுடைத்தல் என்பதற்குத் தரும் முதல் எடுத்துக்காட்டு, ஒருவன் பிறன் வீட்டுச் சுவரில் துளையிட்டு அதன் வழியே கையை நுழைப்பதாகும். கதவுத் துளையில் கம்பியை விட்டுத் தாழை நீக்குவதும், வீட்டுக்காரர் தவறவிட்ட சாவியைக் கண்டெடுத்துத் திறப்பதும் பிற எடுத்துக்காட்டுகள். இரவில் நிகழும் வீடுடைப்புக்குத் தண்டனை மிகுதி. மதுரைக்காஞ்சியின் உளியும் சிற்றூரின் கன்னக்கோலும் சட்ட நூலுள் இடம்பெற்றுவிட்டமை தமிழ் மாணவர் எண்ணி மகிழத்தக்கது.

சிராங்கூன் சாலையிலும் சைனாடவுனிலும் எழுந்த கடைவீடுகள் தமக்கென ஒரு காவல் முறையை வகுத்தன. கீழே கடை; மேலே குடும்பம்; முன்னே ஐந்தடி நடைபாதை. இத்தகைய வீடுகள் பலவற்றில் மேல்மாடித் தரைப்பலகையில், வாயிலுக்கு நேர் மேலே, சிறு துளை ஒன்று இருந்தது. அதனை மூடிய பலகையை நீக்கிக் கீழே கதவைத் தட்டுபவர் யார் எனப் பார்த்த பின்பே கதவு திறக்கப்படும். பண்டகசாலை, வங்கி, நகைக்கடை ஆகியவற்றின் வாயிலில் இரவு முழுவதும் ‘ஜாகா’ காவல் இருந்தார். பெரும்பாலும் பஞ்சாபியரும் வட இந்தியருமான அவர்கள், கயிற்றுக் கட்டிலை வாயிலுக்குக் குறுக்கே போட்டுப் படுத்தனர். ‘ஜாகா’ என்பது விழித்திருத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து மலாய் மொழிக்கு வந்த சொல். தமிழில் வழங்கும் ‘ஜாக்கிரதை’ என்பதும் அவ்வேரில் பிறந்ததே. ஒரு துறைமுகத்தில் மலாய்க்காரரும் தமிழரும் பஞ்சாபியரும் விழிப்பைக் குறிக்க ஒரே வேர்ச்சொல்லின் கிளைகளைப் பயன்படுத்தினர்.

கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு

நகரத்திற்கு வெளியே கம்பங்கள் இருந்தன. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட கம்பத்து வீட்டை உடைக்கக் கன்னக்கோல் தேவையில்லை. எனினும் பகலில் கதவுகள் திறந்தே கிடந்தன என்று முதியோர் நினைவுகூர்வது வழக்கம். இதனைப் பழமையின் மீதுள்ள பற்று என்று மட்டும் தள்ளிவிடலாகாது. இதற்குத் தக்க காரணம் உண்டு. கம்பத்தின் மண்பாதை ஒவ்வொரு வீட்டு முற்றத்தையும் ஒட்டிச் சென்றது. கிணறு பொது, தண்ணீர்க் குழாய் பொது, விளையாடும் இடம் பொது. புதியவர் ஒருவர் நுழைந்தால் பத்துப் பேர் கண்கள் அவரைத் தொடர்ந்தன. யாரைத் தேடி வந்தீர் என்று ஒருவராவது கேட்டனர். திருடுவதற்குப் பெரும்பொருள் இல்லாமையும் ஒரு காரணம்தான். ஆயினும் காவலின் உயிர்நிலை அறிமுகத்தில் இருந்தது.

1960 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப் பெற்றது. 1961 ஆம் ஆண்டில் புக்கிட் ஹோ சுவீ பகுதியை அழித்த பெருந்தீ, புதிய வீடுகளின் தேவையை நாட்டிற்கு உணர்த்தியது. அதன்பின் எழுந்த கட்டடங்களில் மக்கள் பெருந்திரளாகக் குடியேறினர். 1980களின் நடுப்பகுதியில் நாட்டு மக்களுள் பத்தில் எட்டுப் பேர் கழக வீடுகளில் வாழ்ந்தனர். தீக்கு அஞ்சாத சுவர், குழாய் நீர், மின்விளக்கு ஆகிய நலங்கள் கிடைத்தன. கற்காரைச் சுவரில் கன்னம் வைக்க எவராலும் இயலாது.

ஆயின் கண்கள் பிரிந்துவிட்டன. ஒரு கம்பத்தில் வாழ்ந்தோர் பல நகரங்களுக்குச் சிதறினர். மின்தூக்கியில் உடன் வருபவர் மூன்றாம் மாடிக்காரரா, வழிப்போக்கரா என்பது தெரியவில்லை. கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்ற பின் வீடு பகல் முழுவதும் வெறுமையாய் இருந்தது. பழங்காலத்துக் கள்வன் இரவை நாடினான். அடுக்குமாடிக் கள்வனுக்குப் பகலும் உதவிற்று. வீட்டார் கம்பிக் கதவு பொருத்தினர். சன்னலுக்குக் கம்பி இட்டனர். ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டுப் போட்டனர். பூட்டுப் பெருகப் பெருக, கதவுக்கு அப்பால் இருப்பவரை அறியும் வாய்ப்புக் குறைந்தது. களவைத் தடுக்க எழுந்த இரும்பு, அறிமுகத்தையும் சேர்த்துத் தடுத்தது.

மக்களே காவலில் பங்கேற்கும் எண்ணம் இந்நாட்டிற்கு முற்றிலும் புதிதன்று. இந்தோனேசிய எதிர்ப்பு நடவடிக்கை நடந்த காலத்தில், 1964 ஆம் ஆண்டில், தொண்டர் காவற்படை அமைக்கப்பட்டுக் குடிமக்கள் சுற்றுக்காவல் புரிந்தனர். அது பகைவரின் குண்டுக்கு அஞ்சிய காலத்து ஏற்பாடு. அமைதிக் காலத்தில் அண்டை வீட்டாரை ஒன்று சேர்க்க வேறொரு வழி வேண்டியிருந்தது.

1981 முதல் 1983 வரை

1978 ஆம் ஆண்டில் வசிப்போர் குழுக்கள் தோன்றின. 1981 ஆம் ஆண்டில் தேசியக் குற்றத் தடுப்பு மன்றம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் அக்கம்பக்கக் கண்காணிப்புத் திட்டமும் தொடங்கியது. இத்திட்டத்தின் கருத்து மிக எளியது. அடுத்தடுத்து வாழும் சில குடும்பங்கள் ஒரு குழுவாக இணைய வேண்டும். ஒருவர் மற்றவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அறிந்திருக்க வேண்டும். வெளியூர் செல்பவர் அயலாரிடம் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். அயலார் அவ்வீட்டின் மீது ஒரு கண் வைத்திருக்க வேண்டும். கம்பத்தில் இயல்பாக நிகழ்ந்ததையே திட்டமாக வகுத்துச் செய்ய வேண்டிய நிலை அடுக்குமாடி வாழ்வில் ஏற்பட்டது.

காவல்துறையும் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை காவலர் பெரும்பாலும் ஊர்தியில் சுற்றி வந்தனர். அழைப்பு வந்தால் விரைந்து சென்றனர். குற்றம் நிகழ்ந்த பின்பே மக்களும் காவலரும் சந்தித்தனர். இதனை மாற்ற விரும்பிய அரசு ஜப்பான் நாட்டுக் ‘கோபான்’ முறையை ஆராய்ந்தது. தோக்கியோவில் 1874 ஆம் ஆண்டளவில் தோன்றிய கோபான், தெரு முனையில் அமைந்த சிறு காவற்சாவடி. அங்குப் பணியாற்றும் காவலர் தம் பகுதியிலுள்ள வீடுகளுக்கு முறை வைத்துச் சென்று மக்களை அறிந்து வருவர். ஜப்பானிய வல்லுநர் சிங்கப்பூருக்கு வந்து ஆய்ந்து கருத்துரைத்தனர். 1983 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தோ பாயோவின் கே போங் பகுதியில் நாட்டின் முதல் அக்கம்பக்கக் காவற்சாவடி திறக்கப்பட்டது. தொடர்ந்து நாடெங்கும் சாவடிகள் பெருகின.

சாவடிக் காவலர் வீடு வீடாகச் சென்றனர். எவ்வகைப் பூட்டு எளிதில் உடையும், சன்னலருகே பணப்பையை வைத்தால் என்ன நேரும், வாயிற்படிப் பூத்தொட்டியின் அடியில் சாவியை ஒளிப்பது ஏன் பேதைமை என்பனவற்றை எடுத்துரைத்தனர். வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களில் நாளேடுகளும் மடல்களும் வாயிலில் குவிந்தால், ஆளில்லை என்பதை அவையே அறிவிக்கும். ஆதலின் அயலாரை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும் என்றனர். இவ்வறிவுரைகளுள் பெரும்பாலானவை நிறைவேற அயலார் துணை தேவைப்படுவது நோக்கத்தக்கது.

புக்கிட் பாத்தோக் நகரம் உருப்பெற்றது இக்காலத்தில்தான். தோ பாயோ போன்ற பழைய நகரங்கள் முதலில் வீடுகளைக் கட்டி, பின்னர் அண்டைத் தொடர்பின் குறைவை உணர்ந்தன. புக்கிட் பாத்தோக்கில் 1980களில் குடியேறியவர்களுக்கோ, வீட்டுச் சாவியோடு வசிப்போர் குழுவும் கண்காணிப்புத் திட்டமும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. 1989 ஆம் ஆண்டில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தபின், ஒவ்வொரு கட்டடத்திலும் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் கலந்து வாழ்வது உறுதியாயிற்று. 1990 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருவிரைவு ரயில் நிலையம் திறந்ததும் நகரம் நாட்டின் பிற பகுதிகளோடு நெருங்கியது. 1997 ஆம் ஆண்டு முதல் சாவடிகளை விடப் பெரிய அக்கம்பக்கக் காவல் நிலையங்கள் அமைந்தன. புக்கிட் பாத்தோக்கும் அத்தகைய நிலையம் ஒன்றைப் பெற்றது.

ஒரு தாழ்வாரத்தில் நான்கு மொழிகள் வழங்கும் இடத்தில் கண்காணிப்பு என்பது ஓர் அறச் சோதனையும் ஆகும். அயலாரைக் காத்தற்பொருட்டுக் கண் திறந்திருப்பது ஒன்று. அயலாரையே ஐயுற்றுக் கண் வைப்பது வேறொன்று. பண்டிகை நாளில் பலகாரத் தட்டு கை மாறிய வீடுகளுக்கு இவ்வேறுபாட்டை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டு மூதாட்டியின் மொழி தெரியாவிடினும், அவர் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்பதைக் கவனிப்பவரே நல்ல காவலர். அவர் தடுப்பது களவை மட்டுமன்று. தனிமையில் நேரும் இடரையும் தடுக்கிறார்.

மாறிய கள்வன்

அறிவியல் வளர்ச்சி காவலுக்குப் புதிய கண்களைத் தந்தது. 2012 ஆம் ஆண்டு முதல் கழகக் கட்டடங்களில் காவல்துறையின் ஒளிப்படக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 10,000 கட்டடங்களிலும் பலமாடி வாகன நிறுத்தங்களிலும் அவை அமைந்தன. மின்தூக்கிக் கூடத்திலும் படிக்கட்டிலும் அவை உறங்காது பார்க்கின்றன. ஆயினும் கருவி, நடந்ததைப் பதிவு செய்யும். யாரைத் தேடி வந்தீர் என்று கேட்காது.

அச்சம் முற்றிலும் ஒழிந்துவிடவுமில்லை. மலாயா ரயில்பாதை 2011 ஆம் ஆண்டில் மூடப்பட்டபின் பசுமைப் பாதையாக மாறிய ரயில் வழித்தடம் புக்கிட் பாத்தோக்கின் கிழக்கு எல்லையை அடுத்துச் செல்கிறது. 2024 ஆம் ஆண்டு ஜூன் தொடங்கி ஆகஸ்டு முதல் வாரம் வரை, அவ்வழித்தடத்தையும் புக்கிட் தீமா சாலையையும் ஒட்டிய தனியார் வீடுகளில் பத்து வீடுடைப்புகள் நிகழ்ந்ததாகக் காவல்துறை அறிவித்தது. மதிலும் மின்கருவியும் உடைய வீடுகள் நிறைந்த பகுதியிலும், மரச்செறிவின் மறைவு கள்வர்க்குப் பயன்படக்கூடும் என்பதை அது நினைவூட்டியது. மதுரைக்காஞ்சியின் இருள் இன்னும் எங்கோ எஞ்சியுள்ளது.

மற்றொரு கள்வன் கதவையே நாடுவதில்லை. தொலைபேசியின் வழியே வருகிறான். அதிகாரியின் குரலிலும் நண்பரின் குரலிலும் பேசுகிறான். 2024 ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூர் மக்கள் மோசடிகளில் இழந்த தொகை 110 கோடி வெள்ளிக்கு மேற்பட்டது. எந்தக் கம்பிக் கதவும் அவனைத் தடுக்காது. ஏமாறுவோர் பலர் வீட்டில் தனித்திருக்கும்போது ஏமாறுகின்றனர். ‘இப்படி ஓர் அழைப்பு வந்தது, என்ன செய்யலாம்?’ என்று கேட்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர்களுள் பலர் தப்பியிருப்பர்.

இங்ஙனம் நோக்குமிடத்து, பூட்டு வீண் என்று சொல்லிவிட முடியாது. நல்ல பூட்டு வேண்டும். கம்பிக் கதவும் வேண்டும். தீ நேர்ந்தால் உள்ளிருப்போர் விரைந்து வெளியேறும்படி அதன் சாவி கைக்கெட்டும் இடத்தில் இருத்தலும் வேண்டும். அரசின் படையும் இன்றியமையாதது. ஆயினும் கூலிக்கு மட்டும் காத்தவர் கை தமிழகத்தில் பிறழ்ந்தது. பிறப்பை ஐயுற்ற சட்டம் கொடுமையில் முடிந்தது. சுவரை மட்டும் நம்பிய அடுக்குமாடி வாழ்வு அண்டை வீட்டாரைத் தேடித் திரும்பி வரவேண்டியதாயிற்று. பல காலத்துக் காவல் முறைகள் கற்பித்த பாடம் இதுவே.

புக்கிட் பாத்தோக்கின் தாழ்வாரத்தில் மாலை நேரம். வேலை முடிந்து வருபவர் மின்தூக்கியிலிருந்து இறங்கித் தம் வீட்டை நோக்கி நடக்கிறார். திறந்திருக்கும் மரக்கதவுக்கு அப்பால், கம்பிகளினூடே, அண்டை வீட்டார் தலையசைக்கிறார். இன்று உங்கள் வீட்டுக்குப் பொட்டலம் ஒன்று வந்தது, வாங்கி வைத்திருக்கிறேன் என்கிறார். நள்ளிரவு மதுரையில் உறங்காத கண்ணினர் செய்த பணியில் ஒரு சிறு பகுதியை, கூலி பெறாமலும் சீருடை அணியாமலும், அவர் அன்றைய பகலில் செய்து முடித்திருக்கிறார்.